பென்சில் குறிப்புகளோடு வந்த புத்தகம்: ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

போன சனிக்கிழமை மாலை, பழைய காலத்து ஆயர் அகஸ்டின் தன் வாழ்க்கையைத் தேவனிடம் சொல்வதாக எழுதிய ‘அறிக்கைகள்’ நூலில் பதின்மூன்றாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்தோம். மூடி வைத்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் ஒருவர், "இதையெல்லாம் நாம தனியா உட்கார்ந்து வாசிச்சிருப்போமா?" என்று கேட்டார். நிச்சயமாக மாட்டோம். எங்கள் ஆண்கள் ஐக்கியத்தில் பன்னிரண்டு பேர், ஐந்து வருஷமாக, பழைய பக்தி நூல்களைச் சேர்ந்து வாசித்து வருகிறோம் என்றால் அதற்குப் பின்னால் நீங்கள் இத்தனை பேர் இருக்கிறீர்கள். வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பாஸ்டர் ஐயா, முதல் நன்றி உங்களுக்கு. முதல் நாளே எங்கள் மூத்த அண்ணன் ஒருவர், "வேதம் கையில் இருக்கும்போது மனுஷர் எழுதினது எதற்கு?" என்று கேட்டார். வம்புக்காகக் கேட்ட கேள்வி இல்லை, உண்மையான பாரத்தோடு கேட்டது. நீங்கள் வாதம் பண்ணவில்லை. தாமஸ் கெம்பிஸ் என்ற துறவி எழுதிய ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’ புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து அவர் கையிலேயே கொடுத்தீர்கள். அது தொடங்குவதே "என்னைப் பின்பற்றுகிறவன் இருளிலே நடவாமல்" என்கிற யோவான் 8:12 வசனத்தோடுதான். "வாசித்துப் பாருங்கள். வசனத்தை விட்டு விலகுகிறது என்று தோன்றினால் அன்றைக்கே நிறுத்திவிடலாம்" என்றீர்கள். அண்ணன் அன்று முதல் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாசிக்கிற ஒவ்வொரு பகுதிக்கும் வசன ஆதாரம் தேடித் தந்தார். அண்ணா, நீங்கள் கேட்ட அந்தக் கேள்விக்கும் நன்றி. அது இல்லாவிட்டால் நாங்கள் மேலோட்டமாக வாசித்துக்கொண்டு போயிருப்போம்.

எப்படி வாசிப்பது என்பதையும் பாஸ்டர்தான் கற்றுத் தந்தார். ஒருவர் சத்தமாக வாசிப்பார். கொஞ்ச நேரம் அமைதி. அதே பகுதியை இன்னொருவர் மறுபடியும் வாசிப்பார். அதன் பிறகுதான் பேச்சு. அதிலும் "ஆசிரியர் சொல்வது சரியா" என்று ஆரம்பிக்கக் கூடாது, "இது என்னை எங்கே தொட்டது" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். இந்த ஒரு விதி ஆரம்பத்தில் எங்களை மிகவும் திணறடித்தது. சபைக் கணக்கு, கட்டட வேலை என்றால் மணிக்கணக்கில் பேசுவோம். எங்கள் உள்ளத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல மாதங்கள் ஆனது.

தாமஸ் கெம்பிஸின் அந்த நூல் பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலத்தீனில் எழுதப்பட்டது. நான்கு புத்தகங்கள், மொத்தம் 114 அதிகாரங்கள். வாரம் ஒன்று வீதம் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. மடத்தில் ஏடு பிரதியெடுப்பது அவருக்கு வேலை. முழு வேதாகமத்தையும் நான்கு முறை கையால் எழுதியிருக்கிறார். அதனால்தானோ என்னவோ, அவர் வாக்கியங்களை வேகமாக வாசித்தால் ஒன்றும் மனதில் ஒட்டுவதில்லை.

அம்மா, இங்கே உங்களிடம் வருகிறேன். உங்கள் கணவர் வைத்திருந்த பழைய பிரதியைத் தயங்காமல் எடுத்துக் கொடுத்தீர்கள். அதன் ஓரங்களில் ஐயாவின் பென்சில் குறிப்புகள் இருந்தன. முதல் புத்தகத்தின் 16-ஆம் அதிகாரம் பிறர் குறைகளைப் பொறுத்துக்கொள்வது பற்றியது. நீ விரும்புகிறபடி உன்னையே உன்னால் மாற்ற முடியவில்லையே, அடுத்தவன் மட்டும் உன் இஷ்டப்படி இருக்க வேண்டும் என்று எப்படி எதிர்பார்க்கிறாய் என்று கேட்கிற இடம். அந்த ஓரத்தில் ஐயா "என்னால் முடியவில்லை" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, பென்சில் கொஞ்சம் அழுத்தமாக, "தம்பி வந்தான்." எப்போது எழுதியது என்று தேதி இல்லை. எங்களில் ஒருவர் அந்த இரண்டு வரிகளையும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் வந்து, பல வருஷமாகப் பேசாத தன் அண்ணனுக்கு போன் செய்ததாகச் சொன்னார். முதல் தடவை அண்ணன் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார்.

நான்காம் புத்தகத்தின் 18 அதிகாரங்களும் நற்கருணை பற்றியவை. சீர்திருத்த சபையார் வெளியிட்ட சில பதிப்புகளில் அந்தப் பகுதியே இருக்காது. நாங்களும் விட்டுவிடலாமா என்றுதான் யோசித்தோம். சிஸ்டர், நீங்கள் வேறு திருச்சபையைச் சேர்ந்தவர். கூப்பிட்டதும் மூன்று வாரம் வந்து உட்கார்ந்தீர்கள். நீங்கள் நற்கருணை என்றீர்கள், நாங்கள் திருவிருந்து என்றோம். யாரும் யாரையும் திருத்தவில்லை. இப்போது திருவிருந்துக்கு முந்தின இரவு அதில் ஒரு அதிகாரத்தை வாசித்துவிட்டுத் தூங்குகிறவர்கள் எங்களில் நான்கைந்து பேர் இருக்கிறார்கள்.

அடுத்தது சகோதரர் லாரன்ஸ். போரில் காயப்பட்ட படைவீரர். 1640-இல் பாரிஸில் கார்மேல் மடத்தில் சேர்ந்து, வருஷக்கணக்காகச் சமையலறையில் வேலை செய்தவர். கால் முடியாமல் போன பிறகு செருப்பு தைத்தார். அவர் 1691-இல் இறந்த பிறகு, அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் தொகுத்ததுதான் நாங்கள் வாசித்த சிறிய நூல். வேலை நேரமும் ஜெப நேரமும் தனக்கு வேறு வேறு இல்லை, சமையலறைச் சத்தத்தின் நடுவிலும் முழங்காலில் நிற்கும்போது இருக்கிற அதே அமைதியோடு தேவனோடு இருக்கிறேன் என்கிறார். இது எங்களில் ஒருவருக்குக் கேட்ட மாதிரி வேறு யாருக்கும் கேட்கவில்லை. அவர் இரவுக் காவல் வேலை பார்க்கிற தம்பி. வர முடியாத வாரங்களில் போனை மேஜையில் வைத்து அவருக்குக் கேட்கும்படி வாசிப்போம். "வண்டி வந்து கேட்டைத் திறக்கும்போதெல்லாம் 'ஆண்டவரே, இங்கே இருக்கேன்'னு சொல்றேன்" என்றார். தம்பி, அதைக் கேட்ட பிறகு நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் வேலையில் அப்படி ஒரு கேட் எது என்று தேடினோம்.

தமிழாசிரியர் ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. ஜான் பன்யனின் மோட்சப் பிரயாணம் எங்களுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அவர் பன்னிரண்டு வருஷம் சிறையில் இருந்ததும் தெரியும். ஆனால் அந்தக் கதையை எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை ஐந்து பருவங்கள் கொண்ட காப்பியமாக்கி 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று தந்தாரே, அதன் பக்கத்தில் போகவே பயந்தோம். நீங்கள் எங்கள் மார்க்கத்தைச் சேர்ந்தவர் இல்லை. ஆயுள் முழுக்கக் கம்பனை நடத்தியவர். "வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பன் அவர் காதிலேயே இருக்கிறான், கேளுங்கள்" என்று சொல்லிப் பதம் பிரித்து நிதானமாக வாசித்தீர்கள். சிலுவைப்பாட்டுப் பகுதியில், தம்மை வதைக்கிறவர்களுக்காக இயேசு மன்னிப்புக் கேட்கிற பாடலை முடித்தபோது உங்கள் குரல் தழுதழுத்தது. சபையில் எத்தனையோ பெரிய வெள்ளி ஆராதனைகளில் அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறோம். அன்று உங்கள் வாயால் கேட்டது போல் கேட்டதில்லை.

அறையைத் திறந்து வைத்துக் கடைசி ஆள் போகிறவரை காத்திருந்த ஆலயப் பணியாளர் அண்ணன், பெரிய எழுத்தில் நகல் எடுத்துத் தந்த தம்பி, சனிக்கிழமை மாலைகளை எங்களுக்கு விட்டுக்கொடுத்த வீட்டார், உங்கள் எல்லோருக்கும் நன்றி.

அகஸ்டினின் ஒன்பதாம் புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 387-ஆம் ஆண்டு ரோமுக்கு அருகே ஓஸ்தியாவில் அவர் தாய் மோனிக்கா 56-ஆவது வயதில் மரிக்கிறார். அகஸ்டின் தாயின் கண்களை மூடுகிறார். அழவில்லை. சிறுவனான அவர் மகன் வாய்விட்டு அழ, அவனையும் அடக்குகிறார்கள். அடக்கம் முடிந்து, குளித்தால் துக்கம் ஆறும் என்று குளித்துப் பார்க்கிறார், ஆறவில்லை. தூங்கி எழுந்து, மிலான் ஆயர் அம்புரோஸின் ஒரு கீர்த்தனை நினைவுக்கு வந்த பிறகுதான் படுக்கையில் கிடந்தபடி அழுகிறார். இந்தப் பகுதியை வாசிக்கிற முறை யாருக்கு வந்ததோ, அவருடைய தாய் அந்த மாதம்தான் காலமாகியிருந்தார். வேறு ஒருவர் வாசிக்கட்டும் என்றோம். "இல்லை, நானே வாசிக்கிறேன்" என்றார். அந்தச் சிறுவன் அழுகிற இடம் வரை வந்தார். அதற்கு மேல் முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் பேசாமல் புத்தகத்தை வாங்கி, விட்ட வரியிலிருந்து வாசித்தார். இன்னொரு கையை அவர் தோளிலிருந்து எடுக்கவே இல்லை. அன்று கலந்துரையாடல் நடக்கவில்லை. சகோதரர்களே, உங்கள் இருவருக்கும் நன்றி.

அம்மா, புத்தகத்தைத் திருப்பித் தருகிறோம். கழன்றிருந்த அட்டையைத் தைத்திருக்கிறோம். ஐயாவின் எழுத்து எதையும் அழிக்கவில்லை, எங்கள் எழுத்து எதையும் சேர்க்கவும் இல்லை. அவர் முழுவதும் வாசித்து முடித்தாரா என்று என்னிடம் ஒருமுறை கேட்டீர்கள். அவருடைய கடைசிக் கோடு மூன்றாம் புத்தகத்தின் 50-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. துயரத்தில் இருப்பவன் தன்னைத் தேவனுடைய கையில் ஒப்புவிப்பது பற்றிய அதிகாரம் அது. அதற்குப் பிறகு வருகிற 27 அதிகாரங்களிலும் ஒரு குறிப்பும் இல்லை. அவற்றை நாங்கள் அவருடைய இந்தப் பிரதியிலிருந்தே சத்தமாக வாசித்தோம். புத்தகத்தைக் கொண்டு வரும் அன்று, உங்களுக்குச் சரி என்றால், 51-ஆம் அதிகாரத்தை உங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை வாசிக்க ஆசைப்படுகிறோம்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஆண்கள் ஐக்கிய வாசிப்புக் குழுவின் சார்பில்
உங்கள் சகோதரன்