கடன் பத்திர ஒப்பீட்டில் நாணயத்தையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரு நாடுகளின் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் அந்நிய முதலீட்டாளர்கள் வைத்திருக்கும் தொகையை அருகருகே நிறுத்தி, தொகை கூடுதலாக உள்ள நாடே ஆபத்தில் இருக்கிறது என்று முடிவுகட்டும் வரைபடம் ஒன்று தங்கள் வணிகப் பக்கத்தில் வந்திருந்தது. வங்கியின் கருவூலப் பிரிவில் பல ஆண்டுகள் இத்தகைய பத்திரங்களோடே இருந்தவன் நான். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பத்திரம் எந்த நாணயத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் தொகையை ஒப்பிட்டுப் பயனில்லை.

மெக்சிகோவை எடுத்துக்கொள்வோம். 1994 மார்ச்சில் அதிபர் வேட்பாளர் கொலோசியோ சுட்டுக் கொல்லப்பட்டதும் முதலீட்டாளர்கள் கலங்கினார்கள். அவர்களைத் தக்கவைக்க, உள்நாட்டு நாணயமான பெசோவில் இருந்த 'செட்டெஸ்' பத்திரங்களுக்குப் பதிலாக டாலர் மதிப்போடு பிணைத்த 'டெசோபோனோ' பத்திரங்களை அரசு விற்றுத் தள்ளியது. பணம் பெசோவில்தான் தரப்படும். ஆனால் எத்தனை பெசோ என்பதை டாலரின் அன்றைய விலையே தீர்மானிக்கும். ஆயிரம் டாலர் டெசோபோனோவுக்கு டிசம்பர் தொடக்கத்தில் ஏறக்குறைய 3,400 பெசோ கொடுத்தால் போதும். டிசம்பர் 20 அன்று பெசோவின் மதிப்பு குறைக்கப்பட்டது. சில வாரங்களில் அதே பத்திரத்துக்கு 5,000 பெசோவுக்கு மேல் தேவைப்பட்டது. நாணயச் சரிவின் அடி அரசின் தலையில் விழுந்தது. ஆண்டு முடிவில் டெசோபோனோ நிலுவை சுமார் 2,900 கோடி டாலர். அந்நியச் செலாவணிக் கையிருப்போ சுமார் 600 கோடி டாலர்தான்.

ரஷ்ய அரசின் குறுகிய காலப் பத்திரங்களான ஜிகேஓக்கள் ரூபிளில் இருந்தன. 1998 ஆகஸ்ட் 17 அன்று அரசு அவற்றுக்குப் பணம் தருவதை நிறுத்தி, ரூபிளையும் விழவிட்டது. ஆறு ரூபிள் சொச்சமாக இருந்த டாலர், அடுத்த மாதமே 15 ரூபிளைத் தாண்டியது. நூறு ரூபிள் பத்திரம் அப்போதும் நூறு ரூபிள்தான். இங்கே நாணயச் சரிவின் அடி, பத்திரத்தை வைத்திருந்தவர் தலையில் விழுந்தது. ரஷ்யர்கள் பிழைத்துக்கொண்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்நியர்கள் ரூபிளை டாலராக மாற்றிக்கொண்டு வெளியேறியபோது கையிருப்பு கரைந்தது. சாதாரண மக்களின் சேமிப்பும் போயிற்று. டெசோபோனோ, ஜிகேஓ இரண்டும் குறுகிய காலப் பத்திரங்கள்தான், இரண்டையும் அந்நியர்கள் வாங்கிக் குவித்தார்கள். தங்கள் வரைபடத்தில் இவை ஒரே மாதிரியான இரண்டு கட்டங்களாகத்தான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. எந்த நாட்டின் பத்திரங்களை எந்த நாட்டு முதலீட்டாளர்கள் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கும் சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) முதலீட்டுக் கணக்கெடுப்பில், வெளியிடும்போதே ஓராண்டோ அதற்குக் குறைவாகவோ தவணை உள்ள பத்திரம்தான் குறுகிய காலப் பத்திரம். பத்தாண்டுப் பத்திரம் ஒன்று அடுத்த மாதமே முதிர்வடைந்தாலும் அது நீண்ட காலக் கடனாகவே எழுதப்படும். கஜானாவிலிருந்து பணம் எடுத்துவைக்க வேண்டியவருக்கு இந்தப் பாகுபாட்டால் என்ன பயன்? மேலும், மத்திய வங்கிகள் தங்கள் கையிருப்பாக வைத்திருக்கும் பத்திரங்கள் இந்தக் கணக்கில் சேராது. முதலீட்டு நிதியம் லக்சம்பர்க்கில் பதிவாகியிருந்தால், உண்மையான உரிமையாளர் எந்த நாட்டவராக இருந்தாலும் லக்சம்பர்க் என்றே பதிவாகும்.

அடுத்த முறை இத்தகைய ஒப்பீட்டை வெளியிடும்போது, தொகைக்குப் பக்கத்தில் மூன்று விவரங்களைச் சேர்த்துத் தாருங்கள்: பத்திரத்தின் நாணயம், அடுத்த பன்னிரண்டு மாதங்களில் முதிரும் மொத்த வெளிக்கடன், அந்நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்