கரையில் வாழ்வோரைக் கேட்காமல் கரை மணலைத் தோண்ட அனுமதிக்காதீர்கள்

மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்றத் துறையின் மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும்,

வணக்கம். பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும் கேட்டுக்கொண்டதன் பேரில், 2025 செப்டம்பர் 8 அன்று தங்கள் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்களையும் முக்கியக் கனிமங்களையும் எடுக்கும் சுரங்கத் திட்டங்களுக்கு இனி பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டியதில்லை என்கிறது அது. கைவிடப்பட்டது கருத்துக்கேட்புக் கூட்டம் மட்டுமல்ல. எழுத்து வழியாக ஆட்சேபம் அனுப்பும் வாய்ப்பும் அதனுடன் சேர்ந்தே போய்விட்டது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் வாழும் எங்களுக்கு இது நேரடியாக வந்து சேரும் செய்தி. எங்கள் கரை மணலில் தோரியமும் அருமண் தனிமங்களும் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. கிள்ளியூர் வட்டத்தில் ஏறத்தாழ 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்க மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். விண்ணப்பித்தது. அதற்காக 2024 அக்டோபர் 1-இல் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இக்குறிப்பாணை நிலைத்தால், அப்படியொரு கூட்டத்துக்கே தேவையில்லை என்றாகிவிடும்.

கருத்துக்கேட்பு வெறும் சடங்கு என்று சிலர் சொல்லக்கூடும். அப்படி நடத்தப்பட்ட கூட்டங்களும் உண்டு. ஆனால் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அதைச் சடங்காக எழுதவில்லை. 30 நாள் முன்னறிவிப்பு, உள்ளூர் மொழியில் அறிக்கைச் சுருக்கம், மாவட்ட ஆட்சியர் அல்லது கூடுதல் மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியின் தலைமை, பேசியவை அனைத்தும் ஒளிப்பதிவாகி, நடவடிக்கைக் குறிப்பு அங்கேயே உள்ளூர் மொழியில் வாசிக்கப்பட வேண்டும் என்ற விதி, எழுப்பப்பட்ட ஒவ்வொரு கவலைக்கும் இறுதி அறிக்கையில் நிறுவனம் பதில் தர வேண்டிய கடமை ஆகிய எல்லாம் அதில் இருக்கின்றன. திட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் எங்களுக்கு அதில் இல்லை. நாங்கள் சொன்னது ஆவணத்தில் நிற்கும் உரிமை மட்டுமே இருக்கிறது.

அந்த உரிமை எதற்கு என்பதற்கு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். சுரங்கத் திட்டங்களுக்கு எவற்றை ஆராய வேண்டும் என்று சொல்லும் வழக்கமான ஆய்வு வரம்பு, மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவுகளையே அடிப்படையாகக் கேட்கிறது. எங்கள் கரையிலோ கடல் ஏறி வருவது தென்மேற்குப் பருவத்தில்தான். ஆனி, ஆடி மாதங்களில் அலை மணலை வாரிக்கொண்டு போகும். பிறகு கடல் அடங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து சேர்க்கும். எந்த ஆண்டு எந்தத் துறையில் மணல் திரும்பவில்லை, எந்த வரிசை வீடுகள் விழுந்தன என்பதைக் கட்டுமரமும் வள்ளமும் தள்ளியவர்கள் அறிவார்கள். கடல் அமைதியாக இருக்கும் மூன்று மாதம் அளந்துவிட்டுப் போகும் ஆய்வாளருக்கு இதைச் சொல்ல வேறு எந்த இடம் இருக்கிறது?

குறிப்பாணை வந்த வழியும் சரியல்ல என்றே கருதுகிறேன். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், 1986-இன்படி, இத்தகைய அறிவிக்கையைத் திருத்த வேண்டுமானால் வரைவு வெளியிட்டு 60 நாள் ஆட்சேபங்களைக் கேட்பதே பொது நடைமுறை. சாலை, குழாய்ப்பாதை போன்ற திட்டங்களுக்கு மண் எடுப்பதற்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதியிலிருந்து 2020-இல் தந்த விலக்கை, பொதுமக்களைக் கேட்காமல் விட்டதையும் காரணமாகக் காட்டி, உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21-இல் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்புக்கு ஒன்றரை ஆண்டு கழிவதற்குள், இன்னொரு விலக்கை ஒரு குறிப்பாணையின் வழியாகத் தருவதை எப்படி ஏற்பது?

தோரியமும் அருமண் தனிமங்களும் நாட்டுக்குத் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. அந்தத் தேவையின் அவசரத்தை எங்கள் முன் வந்து விளக்குவதற்கும் இதே கூட்டம்தான் இடம்.

ஆகவே இந்தக் குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டுகிறேன். விலக்கு தேவை என்று அமைச்சகம் இன்னும் கருதினால், அதை வரைவாகத் தமிழிலும் மலையாளத்திலும் வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். கிள்ளியூர் திட்டத்துக்குத் தென்மேற்குப் பருவத்தையும் சேர்த்து ஓராண்டுத் தரவு எடுத்த பின், கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை போன்ற கடற்கரை ஊர்களிலேயே, மீனவர் தொழிலுக்குப் போகாத ஒரு நாளில், கருத்துக்கேட்பு நடத்த வேண்டும்.

இப்படிக்கு,
கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைவாசி ஒருவர்