திரும்பி வராத சிப்பாய்களின் பதிவுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக்) சென்று திரும்பாத சென்னை மாகாணச் சிப்பாய்களின் வழித்தோன்றல்கள் பலர், தம் முன்னோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை என்றே நம்பியிருக்கிறார்கள். அங்குள்ள பாஸ்ரா போர் நினைவுச் சின்னத்தில் ஆங்கிலேயச் சிப்பாய்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டபோது, அதிகாரிகள் அல்லாத இந்தியர்கள் படைப்பிரிவின்கீழ் வெறும் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர் என்பது பெரும் அநீதி. ஆயினும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் அவர்களுள் மிகப் பலரின் பெயர்களை இன்று கட்டணமின்றித் தேடலாம். என் கொள்ளுப்பாட்டனாரின் பதிவில் படை எண், மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றோடு தந்தை பெயரும் ஊரும் வட்டமும் இருந்தன. முனுசாமி போன்ற பெயர்களை அக்கால எழுத்தர்கள் ஆங்கிலத்தில் பலவாறு எழுதியிருப்பதால், பெயரை மட்டும் நம்பாமல் படைப்பிரிவையும் ஊரையும் கொண்டு தேடுவது நல்லது.

1914 முதல் 1919 வரை இவ்வூரிலிருந்து போருக்குச் சென்றவர் எத்தனை பேர், உயிர் துறந்தவர் எத்தனை பேர் என்று கூறும் பலகைக் கற்கள் நம் கிராமங்கள் சிலவற்றில் இன்னும் இருக்கின்றன. சுண்ணாம்புப் பூச்சில் எழுத்துகள் மறையும் முன்பே அவற்றைப் படமெடுத்து ஊர்வாரியாகத் தொகுக்க, மாநிலத் தொல்லியல் துறை முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேலூர் மாவட்டம்.