முந்தின ராத்திரியே முடிகிற வேலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிறு காலையில் எட்டு பேர் வருகிறார்கள், டிபனுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். ஆளுக்கொரு ஆம்லெட் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே நின்றால் வந்தவர்களோடு எப்போது பேசுவாய்? பிரெட், முட்டை, பால், சீஸ் எல்லாவற்றையும் சனி ராத்திரியே ஓவனில் வைக்கிற குழிவான தட்டில் சேர்த்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. காலையில் ஓவனில் வைப்பது ஒன்றுதான் பாக்கி.

பிரெட் பழசாக இருக்க வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். புது பிரெட்டில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் முட்டைப் பாலை இழுக்காது, கூழாகிப்போகும். பழசு கிடைக்காவிட்டால் துண்டுகளாக்கி, தட்டில் பரப்பி, 150 டிகிரி செல்சியஸில் 10, 15 நிமிடம் காயவை. நிறம் மாற வேண்டியதில்லை, மேலே தொட்டால் வறண்டிருந்தால் சரி.

9க்கு 13 அங்குலத் தட்டுக்கு 400 கிராம் பிரெட், 8 முட்டை, 600 மில்லி பால், 150 கிராம் துருவிய சீஸ். சீஸிலேயே உப்பு இருக்கிறது, பார்த்துப் போடு.

காளானோ கீரையோ சேர்ப்பதாக இருந்தால் பச்சையாகப் போடாதே. காளான் வாணலியில் முதலில் தண்ணீர் விட்டுக் கொதிக்கும். அந்தத் தண்ணீர் வற்றியதும் சத்தம் மாறிப் பொரிகிற சத்தம் கேட்கும், ஓரங்கள் சிவக்கும். அதுவரை பொறு. இல்லையென்றால் அந்தத் தண்ணீரெல்லாம் தட்டின் அடியில் வந்து நிற்கும். கீரையை வதக்கி, ஆறவிட்டு, கையால் நன்றாகப் பிழிந்துவிடு. வதக்கியது எதுவானாலும் சூடு போனபிறகுதான் முட்டையோடு சேர வேண்டும்.

பிரெட், சீஸ், வதக்கியது எல்லாவற்றையும் தட்டில் போட்டு, முட்டையையும் பாலையும் அடித்துக் கலந்து மேலே ஊற்றியபின் பிரெட்டை உள்ளங்கையால் மெதுவாக அமுக்கு. பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை. முதலில் மிதந்த துண்டுகள் அதற்குள் கனத்து உள்ளே இறங்கியிருக்கும். அப்புறம் ஃபாயிலால் மூடி ஃப்ரிட்ஜில் வை. பச்சை முட்டை கலந்தது என்பதால் ராத்திரி வெளியே வைக்கவே கூடாது. 24 மணி நேரத்துக்குமேல் ஊறவும் விடாதே.

காலையில் ஒரு விஷயத்தில் கவனமாக இரு. கண்ணாடித் தட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சூடான ஓவனில் வைத்தால் அது வெடித்துவிடலாம். அரை மணி வெளியே இருக்கட்டும், அதற்குள் ஓவனும் 180 டிகிரிக்கு வந்துவிடும். ஃபாயிலோடு 30 நிமிடம், எடுத்துவிட்டு இன்னும் 20, 25 நிமிடம். நடுவில் கத்தியை விட்டால் பச்சை முட்டை ஒட்டக் கூடாது. உன்னிடம் சமையல் தெர்மாமீட்டர் இருக்கிறதே, அது நடுப்பகுதியில் 71 டிகிரியைத் தாண்ட வேண்டும்.

எடுத்ததும் வெட்டாதே. பத்து நிமிடம் விட்டால்தான் துண்டு துண்டாக எழும்பி வரும். வாசனைக்கு எல்லாரும் தட்டோடு வந்து நிற்பார்கள், காபி கொடுத்துச் சமாளி.

வருகிறவர்களில் யாருக்காவது முட்டையோ பாலோ ஒத்துக்கொள்ளாதா என்று இன்றைக்கே கேட்டுவிடு. அப்படி யாராவது இருந்தால் அவர்களுக்கு வேறு ஏதாவது செய்ய உனக்கு நேரம் இருக்கும். மீந்தால் மூன்று நாள் ஃப்ரிட்ஜில் தாங்கும், ஆனால் மிஞ்சாது என்கிறாள் உன் அம்மா.

அன்புடன்,
அப்பா