ஓவியத்தில் ஆன்மிகக் குறியீடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சமகால ஓவியங்களைப் பற்றிய விமர்சனங்களில், வட்டமோ தாமரையோ தென்பட்டவுடனே ‘ஆன்மிகம்’ என்று முத்திரை குத்திவிடும் வழக்கம் பெருகிவருகிறது. குறியீட்டைக் கடன் வாங்குவது எளிது. அது கித்தானில் மற்றவற்றோடு கொள்ளும் உறவில்தான் ஓவியரின் உழைப்பு இருக்கிறது.

இந்திய ஓவியர் எஸ்.எச். ரஸாவின் ‘பிந்து’ (புள்ளி) ஓவியங்களில், கரிய வட்டத்தைச் சூழ்ந்த முக்கோணங்களும் சதுரங்களும் வண்ணப் பட்டைகளும் கண்ணை மீண்டும் மீண்டும் அதனிடமே இழுத்துச் செல்வதால், பகுதிகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதைப் பார்வையாளர் விளக்கவுரை இல்லாமலே உணர்கிறார். 1963-இல் சென்னை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையிலோ, ஜாதகக் கட்டங்களை ஒத்த வடிவங்களுக்கிடையே படிக்கவே முடியாத எழுத்துகள் நெருக்கமாக ஓடுகின்றன. பொருள் பிடிபடாததால்தான் (அவருடைய துணிச்சலே இதுதான் என்பது என் கருத்து) நாம் வாசிப்பதை விட்டுப் பார்க்கத் தொடங்குகிறோம்.

ஸ்வீடன் ஓவியர் ஹில்மா ஆஃப் கிளிண்ட் 1907-இல் வரைந்த பத்துப் பெரும் ஓவியங்கள் மூன்று மீட்டருக்கும் மேல் உயரமானவை. அத்தகையவை தபால்தலை அளவில் அச்சாகும்போது, அவற்றிலுள்ள சுருள் வடிவங்களின் முன் நிற்பவர் தாமும் அவற்றுள் ஒன்றாகிவிடும் அனுபவம் காணாமற்போகிறது. எனவே, தங்கள் கலைப் பக்கத்தில் ஓவியத்தின் அளவைத் தவறாமல் குறிப்பிடுவதோடு, குறியீடுகளுக்கு அகராதிப் பொருள் கூறுவதைக் குறைத்து, வண்ணமும் கோடும் அங்கே என்ன செய்கின்றன என்பதற்குக் கூடுதல் இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்