பாதியில் காலியான இடத்துக்கு ஓர் ஆட்டக்காரர் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழ் சதுரங்கப் புதிர்களுக்கு இடம் தருவதால், பலர் சேர்ந்து மாதக்கணக்கில் ஆடும் வியூக ஆட்டங்களில் அடிக்கடி நேரும் ஒரு சிக்கலைப் பற்றியும் வாசகர்களிடம் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் விலகிவிட்டால், அவருடைய இடத்தில் யாரை, எந்த முறையில் அமர்த்துவது என்பதே அந்தச் சிக்கல்.

நான் நடுவராக இருந்து மின்னஞ்சல் வழியாக நடத்திவரும் டிப்ளமசி ஆட்டம் இதனால்தான் இப்போது நின்றுபோயிருக்கிறது. ஆலன் கால்ஹமர் 1954-இல் வடிவமைத்து 1959-இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தில், முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பாவின் 7 வல்லரசுகளை 7 பேர் ஆள்கிறார்கள். வரைபடத்தில் படைகளைப் பராமரிக்க உதவும் 34 இடங்களான வழங்கல் மையங்களில் 18-ஐப் பிடிப்பவர் வெல்கிறார். பகடை கிடையாது. அண்டை நாடுகளோடு பேசி உடன்பாடு செய்துகொண்டு, ஒவ்வொருவரும் தம் படைகளுக்கான ஆணைகளை எழுதித் தர, அவை அனைத்தும் ஒரே நேரத்தில் திறக்கப்படும். எங்கள் ஆட்டத்தில் ஆஸ்திரியா-ஹங்கேரியை ஆண்டவர், ஆட்டக் கணக்கில் 1905 வசந்தப் பருவத்துக்கான ஆணைகளை அனுப்பவில்லை. வேலைப் பளு கூடிவிட்டதால் இனித் தொடர இயலாது என்று பிறகு தெரிவித்தார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. மாதக்கணக்கில் நீளும் ஆட்டத்தின் நடுவே ஒருவருடைய வாழ்க்கைச் சூழல் மாறுவது இயல்பே.

ஆனால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட எனக்கு மனமில்லை. ஆணை வராத நாட்டில் அரசாட்சி குலைந்துவிட்டதாக விதி கருதுகிறது: படைகள் நின்ற இடத்திலேயே நிற்கும், ஒன்றுக்கொன்று துணை செய்யாது, தள்ளப்பட்டால் கலைக்கப்படும், புதிய படையும் எழாது. புடாபெஸ்ட், செர்பியா, கிரீஸ் ஆகிய மூன்றிலும் அடுத்தடுத்து நிற்கும் ஆஸ்திரியப் படைகள், ஒருவர் கவனித்து ஆடினால் ஒன்றையொன்று தாங்கி நெடுநாள் நிற்கக்கூடியவை. ஆளில்லாவிட்டால் அவற்றை இத்தாலியும் ரஷ்யாவும் துருக்கியும் எளிதாகப் பங்குபோட்டுக்கொள்ளும். வடக்கே ஆட்டக் கணக்கில் நான்கு ஆண்டுகளாகப் பாடுபட்டு முன்னேறிய இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் அதில் எதுவும் கிடைக்காது. திறமையால் தீர வேண்டிய ஆட்டத்தை, விலகியவருக்குப் பக்கத்தில் யார் இருந்தார் என்ற தற்செயல் தீர்த்துவிடும். குழுவினர் விரும்பினால் விலகுபவரின் இடத்தில் இன்னொருவரை அமர்த்தலாம் என்றும், இதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது என்றும் விதிப்புத்தகமே சொல்கிறது. தொடக்கத்திலேயே அதைப் பேசி முடிக்காதது என் தவறு.

மாற்று ஆட்டக்காரரைக் கண்டுபிடிப்பதைவிட, அவரிடம் எதை ஒப்படைப்பது என்பதே எனக்குக் கடினமாக இருந்தது. திறக்கப்பட்ட பழைய ஆணைகள் எல்லாருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றைத் தருவதில் தடையில்லை. முன்னவர் மற்றவர்களோடு தனியே பரிமாறிக்கொண்ட கடிதங்கள் அப்படியல்ல. அவற்றில் எதிர்த்தரப்பினர் அவரை நம்பிச் சொன்ன செய்திகள் இருக்கின்றன. அவர்களின் இசைவில்லாமல் அவற்றைக் கைமாற்றுவது முறையன்று என்பது என் முடிவு. முன்னவர் செய்த உடன்பாடுகள் புதியவரைக் கட்டுப்படுத்தாது. அவற்றைப் புதுப்பிப்பதும் கைவிடுவதும் அவர் விருப்பம். மற்ற அறுவரும் வசந்தப் பருவத்துக்கு ஏற்கெனவே ஆணை தந்துவிட்டாலும், அவை முன்னவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆகவே அவற்றைத் திறக்காமல் வைத்திருக்கிறேன். புதியவர் வந்து அனைவரோடும் பேசிய பிறகு, எல்லாரும் ஆணைகளை மாற்றி எழுதலாம்.

ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரிடமே இரண்டு நாடுகளைக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. அவருடைய நெருங்கிய நண்பரைக் கொண்டுவருவதும் ஏறக்குறைய அதே விளைவைத்தான் தரும். கணினியிடம் விடலாமே என்று ஒருவர் கேட்டார். மெட்டா நிறுவனம் உருவாக்கி 2022-இல் அறிவித்த சிசரோ என்ற செயற்கை நுண்ணறிவு, இதே டிப்ளமசியை மனிதர்களோடு பேசி நன்றாகவே ஆடியது. ஆயினும் எங்கள் அறுவரும் மனிதரோடு பேசி ஆடவே சேர்ந்தவர்கள். அவர்கள் அனைவரும் இசையாமல் ஓர் இயந்திரத்தை அங்கே அமர்த்த மாட்டேன்.

1960-களில் அஞ்சல் வழியே இந்த ஆட்டம் பரவியபோது, அதை நடத்திய சிற்றிதழ்கள் இடையில் சேர ஆயத்தமாக இருந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டன. அத்தகைய பட்டியல் என்னிடம் இல்லாததால், தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இதற்கெனச் சில வரிகள் ஒதுக்குமாறு வேண்டுகிறேன். வருபவரிடம் நான் எதையும் மறைக்கப்போவதில்லை: வியன்னா ரஷ்யாவிடமும் டிரியெஸ்ட் இத்தாலியிடமும் போய்விட்டன, 3 மையங்களும் 3 படைகளுமே மிச்சம், வெல்லும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் மூன்று அண்டை நாடுகளும் ஒன்றையொன்று ஐயுறுகின்றன. ஆஸ்திரியா யார் பக்கம் சாய்கிறதோ அவருக்கே தெற்கு வசமாகும். தோற்கும் நிலையிலிருந்த நாட்டை ஏற்று ஆடியவர் என்பதை இறுதி முடிவில் அவர் பெயரோடு தனியாகக் குறிப்பிடுவேன். வாரம் இருமுறை கடிதம் எழுத நேரமுள்ள, முன்பு ஒருமுறையாவது இந்த ஆட்டத்தை முழுமையாக ஆடிய ஒருவர் கிடைக்கும்வரை 1905 வசந்தப் பருவத்தை நிறுத்தி வைத்திருக்க மற்ற அறுவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்