லோ வோல்டேஜில் ஹீட்டர் அதிக கரண்ட் இழுக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மின்சாரம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கேள்வி-பதில் பகுதியில், வோல்டேஜ் குறைந்தால் எல்லாக் கருவிகளும் அதிக கரண்ட் இழுக்கும், ஆகவே வாட்டர் ஹீட்டர் லைனில் உள்ள 16 ஆம்பியர் எம்.சி.பி.யை (கரண்ட் அளவு மீறினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) எடுத்துவிட்டு 25 ஆம்பியர் போடலாம் என்று சொல்லப்பட்டிருந்தது. மோட்டாருக்குப் பொருந்துவதை ஹீட்டருக்கும் சேர்த்துச் சொன்னதால் வந்த பிழை இது. யாராவது நம்பி எம்.சி.பி.யை மாற்றுவதற்குள் திருத்தம் வெளியிட்டால் நல்லது.

குழப்பத்தில் பாதி நம் பேச்சிலேயே இருக்கிறது. மின்சாரம் முழுவதற்கும் 'கரண்ட்' என்ற ஒரே சொல்தான். "கரண்ட் கம்மியா வருது" என்று சொல்லும்போது உண்மையில் குறைந்திருப்பது வோல்டேஜ். கணக்குப் போடும்போது இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும்.

ஹீட்டரின் மேல் 230 வோல்ட், 2000 வாட் என்று இருக்கும். வாட்டை வோல்டால் வகுத்தால் ஆம்பியர், அதாவது கரண்டின் அளவு: 2000-ஐ 230-ஆல் வகுக்க 8.7. வோல்டை அந்த ஆம்பியரால் வகுத்தால், தண்ணீரைச் சூடாக்கும் காயிலின் மின்தடை, ஏறக்குறைய 26.4 ஓம். இந்த 26.4 ஓம் காயிலோடு பிறந்தது. லைனில் என்ன வோல்டேஜ் வந்தாலும் பெரிதாக மாறாது. மாலையில் 190 வோல்ட்தான் வருகிறது என்றால், 190-ஐ 26.4-ஆல் வகுக்க 7.2 ஆம்பியர். கரண்ட் குறைந்துதான் போகிறது. வாட் அதைவிட வேகமாகச் சரியும், ஏனெனில் பெருக்கப்படும் இரண்டுமே குறைந்துவிட்டன: 190 பெருக்கல் 7.2, கிட்டத்தட்ட 1365 வாட். வோல்டேஜ் 17 சதவீதம் இறங்கினால் சூடு 32 சதவீதம் இறங்குகிறது.

பில் ஏறுமா என்றால், ஏறாது. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேல் தேவை. முழு வோல்டேஜில் அது 16 நிமிட வேலை, 190 வோல்டில் 23 நிமிடம். கூடுதல் நேரத்தில் டாங்க் வழியாக வெளியேறும் கொஞ்சம் சூடுதான் நட்டம்.

7 ஆம்பியர் ஓடும் லைனில் 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுகிறது என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். காயிலின் உறை வெடித்து கரண்ட் எர்த்துக்குப் பாயலாம். எம்.சி.பி.யின் டெர்மினல் ஸ்குரு தளர்ந்து, அந்த இடம் காய்ந்து, உள்ளே இருக்கும் உலோகப் பட்டை அந்தச் சூட்டில் வளைந்து எம்.சி.பி.யை விழ வைக்கலாம். இந்த நிலையில் 25 ஆம்பியர் போட்டால் 16 ஆம்பியர் பிளக் பாயிண்டுக்குக் காவலே இல்லாமல் போகும்.

காயிலைச் சோதிப்பது எளிது. எம்.சி.பி.யை ஆஃப் செய்து, டெஸ்டரில் சப்ளை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, காயிலின் இரண்டு ஒயர்களையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் பாருங்கள். 26-ஐ ஒட்டிக் காட்டினால் காயில் சரி. ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. ஒரு முனைக்கும் உலோக உறைக்கும் இடையே சில ஆயிரம் ஓம் காட்டினாலே கசிகிறது என்று பொருள், காயிலை மாற்றிவிடுங்கள். இந்தச் சோதனை குண்டு பல்புக்குச் சரிப்படாது. 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம். அணைந்து ஆறியிருக்கையில் 40-ஐ ஒட்டித்தான் காட்டும்.

மோட்டார் சங்கதி வேறு. தண்ணீர் ஏற்றும் சுமை மாறாததால், வோல்டேஜ் குறையக் குறைய அது கரண்டை ஏற்றிக்கொள்கிறது. 230 வோல்டில் 6.5 ஆம்பியர் எடுக்கும் சப்மெர்சிபிள் (தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார்), 185 வோல்டில் 8 ஆம்பியரை எட்டும். ஒயிண்டிங்கில் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பியில்) பிறக்கும் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது; எனவே அங்கே சூடு ஒன்றரை மடங்கு. லோ வோல்டேஜில் ஓட்டி மோட்டார் புகைவது இதனால்தான். இன்னொன்று, 230-ஐ 6.5-ஆல் வகுத்து வரும் 35 ஓம் ஒயிண்டிங்கின் மின்தடை அல்ல. மீட்டர் வைத்தால் சில ஓம்தான் காட்டும். சுழலும் மோட்டார் தனக்குள் ஓர் எதிர் வோல்டேஜை உண்டாக்கிக் கரண்டை மட்டுப்படுத்துகிறது. இது தெரியாமல், ஷார்ட் என்று சொல்லி நல்ல மோட்டாரை ரீவைண்டிங்குக்கு அனுப்புவது வீண் செலவு.

அந்தப் பகுதியில் சொல்லாமல் விட்ட ஆபத்து பிளக் பாயிண்டில் இருக்கிறது. சாக்கெட்டின் பித்தளைப் பிடி தளர்ந்து அரை ஓம் தடை உண்டானால், 8.7-ஐ 8.7-ஆல் பெருக்கி அதில் பாதி, 38 வாட் அந்த ஒரு புள்ளியில் சூடாகிறது. ஒரு சால்டரிங் அயனைச் சுவருக்குள் செருகி வைத்தது போல. பிளக்கின் உலோகப் பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி, அந்தப் பின்னும் நீலம் பாரித்திருந்தால் பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது நாலு நாள்தான் தாங்கும்.

கரண்டை அளக்க டாங் டெஸ்டர் (ஒயரை வளையத்தால் கவ்வி அளக்கும் மீட்டர்) வைப்பவர்கள் ஃபேஸ் ஒயரை மட்டும் வளையத்துக்குள் விட வேண்டும். முழு கார்டையும் விட்டால் போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட்டு மீட்டர் பூஜ்யம் காட்டும். மல்டிமீட்டரில் 10 ஆம்பியர் துளையில் செருகிய ஒயரை மாற்ற மறந்து பிளக் பாயிண்டில் வோல்டேஜ் பார்த்தால் நேரடி ஷார்ட்தான். கையும் முகமும் பொசுங்கும்.

எந்த மீட்டரும் இல்லாதவர்களுக்கு ஈபி மீட்டரே போதும். முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹீட்டரை மட்டும் போட்டு, சிவப்பு விளக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். 107 என்றால் 2000 வாட். வோல்டேஜ் 190-க்கு இறங்கிய மாலையில் அதே ஹீட்டருக்கு 73 வரும்.

இப்படிக்கு,
ஒயரிங் சூப்பர்வைசர், கரூர்